ஒரு ராணியைக் கொன்றால் போதாது

எலுமிச்சையில் மாவுப்பூச்சி ஏறிய வருடம் அது. தண்டெல்லாம் நீளக்கால் மஞ்சள் எறும்பு, தறிகெட்டு ஓடுது. சருகுக்கு அடியில் கூட்டைத் தேடிப்பிடித்து கொதிதண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் நாலடி தள்ளி அதே கூட்டம். "ராணி செத்தாச்சு, இனி வராதுன்னு சொன்னீங்களே அண்ணே!" என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி சிரித்தான்.

என் கணக்கு தப்பியது அங்கேதான். பல எறும்பு இனங்களில் மழைக்குப் பிறகு சிறகு முளைத்த ராணியும் ஆணும் பறந்து கூடும். பிறகு ராணி தனியே குடும்பம் தொடங்கும். இந்த மஞ்சள் கிறுக்கு எறும்பு பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே இணை சேரும். ஒரே கூட்டில் பல ராணிகள். சில ராணிகள் வேலைக்கார எறும்புகளோடு நடந்தே போய் பக்கத்தில் புதுக்கூடு போடும். வாழை பக்கக்கன்று விடுகிற கதைதான். தாய்மரத்தை வெட்டினால் கன்று நின்றுவிடுமா? பக்கத்துக் கூட்டோடு சண்டையும் கிடையாது. அதனால் ஏக்கர் கணக்கில் ஒரே குடியாகப் பரவிவிடும்.

இதைவிட வேடிக்கை இதன் பிறப்பு. பொதுவாக எறும்பில் ஆணுக்குத் தகப்பன் இல்லை. கருவுறாத முட்டையிலிருந்து வருவது. இதில் ஆணுக்கும் தகப்பன் உண்டு என்று 2023ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. ஆர், டபிள்யூ என இரண்டு வம்சம். ராணியின் முட்டை எப்போதும் ஆர். அதில் ஆர் விந்து சேர்ந்தால் ராணி. டபிள்யூ விந்து சேர்ந்து இரண்டும் கலந்தால் வேலைக்காரி. கலக்காமல் தனித்தனியே பெருகினால் ஆண்! ஒரே உடம்பில் இரண்டு வகைச் செல்கள். நம்ம பாஷையில் ராணி தூய ரகம், வேலைக்காரி ஹைபிரிட், ஆண் ஒட்டு மாங்கன்று. நாம் வேண்டாமென்று தள்ளுகிற ஹைபிரிட்டை இது தினமும் உற்பத்தி பண்ணுது.

இது கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும். 2022ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவார கிராமங்களில் ஆடு மாடு வளர்ப்பவர்கள் பட்ட பாடு செய்தியாக வந்தது. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. அங்கே விஷ இரை வைத்துப் பார்த்தார்கள், திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் 2016 டிசம்பரில், எறும்புக்கு இனிப்புக் கழிவு தருகிற செதில்பூச்சியைத் தாக்கும் சின்னக் குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எறும்பை அடிக்காமல் அதன் சாப்பாட்டை அடிப்பது. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

நானும் கூட்டை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்தேன். தரையையும் பக்கத்து மரத்தையும் தொடுகிற கிளைகளைக் கழித்தேன். தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினேன். பட்டையில் நேராகத் தடவாதீர்கள், வெந்துவிடும். காவலுக்கு எறும்பு ஏற முடியாமல் போனதும் பொறிவண்டு வந்து மாவுப்பூச்சியைத் தின்ன ஆரம்பித்தது. எறும்பு முழுசாகப் போகவில்லை, குறைந்தது.

போன மாதம் நாற்றுப்பண்ணையிலிருந்து கன்றுகள் வந்தன. ஒரு பையைக் கிழித்தால் வேருக்கடியில் முட்டைக் குவியல், நடுவே இரண்டு ராணி. எல்லாப் பைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் குழியில் வைத்தேன்.