மேற்கோள் குறிக்குள் யார் பேசுகிறார்?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தமிழ்க் கட்டுரை நோட்டு. தலைப்பு, 'நூலகத்தின் பயன்கள்'. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. முன்னுரை, உள்தலைப்பு, முடிவுரை எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. முதல் பத்தியிலேயே இரட்டை மேற்கோள் குறிக்குள் ஒரு வாசகம். சொன்னவர் அப்துல் கலாம் என்று எழுதியிருக்கிறாள்.

"எந்தப் புத்தகத்துல சொன்னாரு?" என்று அம்மா கேட்கிறார்.

"வாட்ஸ்அப்ல வந்துச்சும்மா."

பல வீடுகளில் நடக்கும் உரையாடல்தான் இது. கட்டுரைக்கு மேற்கோள் அழகு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதைச் சொல்லத்தான் மறந்துவிடுகிறோம். இரட்டை மேற்கோள் குறி போட்டால், உள்ளே இருக்கும் சொற்களை இன்னார் இப்படியேதான் சொன்னார் என்று எழுதுபவர் உறுதி கொடுக்கிறார். பாதி நினைவில் இருப்பதையோ யாரோ அனுப்பியதையோ அதற்குள் வைத்தால், சொல்லாத ஒன்றை ஒருவர் வாயில் திணித்ததாகிவிடும். கருத்து மட்டும் நினைவிருக்கிறதா? குறியை எடுத்துவிட்டு, 'என்ற பொருள்படக் கூறியுள்ளார்' என்று சொந்த நடையில் எழுதிவிடலாம். அதற்கும், அவர் சொன்னார் என்பதாவது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் மேற்கோள் குறி விட்டுப்போனால் பொருளே புரண்டுவிடும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

ஆசிரியர் நான் எழுதியது தவறு என்றார்.

தவறாக எழுதியது யார்? மாணவனா, ஆசிரியரா? இப்படியே விட்டால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஆசிரியர், "நான் எழுதியது தவறு" என்றார் என்று எழுதினால், தன் தவறை அவரே ஒப்புக்கொண்டார் என்பது தெளிவாகிவிடும். மாணவன் எழுதியதுதான் தவறு என்றால், 'நான் எழுதியது தவறு என்று ஆசிரியர் கூறினார்' என வரிசையை மாற்றிவிட்டால் போதும். இத்தனைக்கும் காரணம் நம் 'என்று'. நேர்கூற்று, அயற்கூற்று இரண்டுக்கும் அது ஒன்றே வருவதால் கண்ணுக்குத் தெரியும் வேலி ஒன்று தேவைப்படுகிறது.

மேற்கோளுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் உள்ளே இருப்பதற்கு ஒற்றை மேற்கோள். "தாத்தா 'பத்திரமா போ' என்று சொல்லி அனுப்பினார்" என்றாள் அவள். நூலின் பெயர், கட்டுரைத் தலைப்பு, தனித்துக் காட்ட வேண்டிய சொல் ஆகியவற்றுக்கும் ஒற்றையே போதும். நடுவில் சில சொற்களை விட்டுவிட்டு எடுத்தாண்டால், விட்ட இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும்.

செய்யுளுக்கு வேறு முறை உண்டு. குறளை எடுத்தாளும்போது முக்காற்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரியில் தள்ளி எழுதுவது நல்லது. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. தாளின் ஓரம் வந்துவிட்டதே என்று ஐந்தாம் சீரை மேலே ஒட்டுவது நிறையப் பிள்ளைகள் செய்யும் பிழை.

முக்காற்புள்ளிக்கு வருவோம். முன்னால் சொன்னதைப் பின்னால் விரிக்கப் போகிறோம் என்று அறிவிப்பது இதன் வேலை. 'நிலங்கள் ஐந்து: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை.' இது சரி. 'ஐவகை நிலங்களாவன: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகியவை ஆகும்' என்று எழுதும் பழக்கம்தான் உறுத்துகிறது. ஒன்று புள்ளியை வைத்துவிட்டு, பட்டியலோடு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் புள்ளியே இல்லாமல் வாக்கியத்தை ஓடவிட வேண்டும்.

அரைப்புள்ளியைக் கண்டால்தான் பிள்ளைகளுக்குப் பயம். இதற்கு நம் மொழியின் அமைப்பும் ஒரு காரணம். 'அம்மா எழுந்து, கோலம் போட்டு, சமைத்துவிட்டு ஓடினார்' என்று வினையெச்சங்களாலேயே கோத்துவிட முடிகிறபோது அரைப்புள்ளியை யார் தேடுவார்கள்? ஆனால், 'அம்மா எழுந்தார்; கோலம் போட்டார்; சமைத்தார்; பேருந்தைப் பிடிக்க ஓடினார்' என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகக் கண்ணில் படுகிறது. 'மழை பெய்தது; ஏரி நிரம்பவில்லை' என்பதுபோல எதிரெதிர்ச் செய்திகளை அருகருகே நிறுத்தவும் அரைப்புள்ளி உதவும். பெரிய பட்டியலைப் பிரிக்கவும் இதுவே கைகொடுக்கும்: நெல், கம்பு, கேழ்வரகு ஆகிய தானியங்கள்; துவரை, உளுந்து, பாசி ஆகிய பயறுகள்; எள், கடலை ஆகிய வித்துகள். இங்கே எல்லாவற்றுக்கும் கால்புள்ளியே வைத்தால் எது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று குழம்பும்.

கால், அரை, முக்கால், முற்று என்று அளவைச் சொல்லி வைத்த பெயர்களே எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதைக் காட்டிவிடுகின்றன. குறிகள் வெளியிலிருந்து வந்தவை, பெயர்கள் நம்முடையவை. அரைப்புள்ளியின் அச்சு வடிவம் 1496-ல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுட்டியஸ் அச்சிட்ட நூலில் தோன்றியது. நம் ஓலைச்சுவடிகளிலோ, ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்கவில்லை. அச்சு வந்த பிறகு, உரைநடையில் இந்தக் குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879).

அந்த மாணவி மறுநாள் பள்ளி நூலகத்தில் 'அக்னிச் சிறகுகள்' நூலை எடுத்துப் புரட்டினாள். வாட்ஸ்அப் வாசகம் அதில் இல்லை. கட்டுரையில் அந்த வரியை அடித்துவிட்டு, புத்தகத்தில் தனக்குப் பிடித்த வேறொரு வரியைச் சொல் மாறாமல் எழுதினாள். தொடக்கக் குறி போட்டாள். அவசரத்தில் முடிவுக் குறியை மறந்துவிட்டாள். அதை அம்மாதான் பென்சிலால் சுட்டிக்காட்டினார்.