மாண்டோர் மனைக்கு வரும் நாள்

இறந்தவரை நினைவுகூரும் வழக்கம் உலகின் எல்லா மக்களிடத்தும் உண்டு. ஆயின், அது நாட்டுக்கு நாடு வெவ்வேறு கோலம் பூண்டு விளங்குகின்றது. மெக்சிக்கோ நாட்டிலே அது விருந்தோம்பலின் கோலம் பூண்டுள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம், 2ஆம் திகதிகளில் இறந்தோர் தத்தம் இல்லங்களுக்கு வந்து செல்கின்றனர் என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. முதல் நாள் குழந்தைகளுக்கு உரியது. மறுநாள் பெரியவர்களுக்கு உரியது. வருபவர் விருந்தினராதலின், வீட்டார் அவர்களை மலரோடும் உணவோடும் எதிர்கொள்கின்றனர்.

இருமரபின் சேர்க்கை

1521ஆம் ஆண்டில் ஸ்பானியர் அஸ்தெக் தலைநகரைக் கைப்பற்றுவதற்கு முன்னரே, அங்கு இறந்தோர்க்கு விழா எடுக்கும் வழக்கம் இருந்தது. இறந்தவரின் உயிர் ‘மிக்த்லான்’ என்னும் கீழுலகை அடைவதற்கு நான்கு ஆண்டுகள் வழிநடக்க வேண்டும் என்றும், இடையிலுள்ள ஆற்றைக் கடக்க நாயொன்று துணைசெய்யும் என்றும் அஸ்தெக் மக்கள் நம்பினர். ஸ்பானியர் கொணர்ந்த கத்தோலிக்க சமயத்திலோ, சகல புனிதர் திருநாளும் இறந்தோர் நினைவு நாளும் நவம்பரின் முதலிரு நாட்களில் வருவன. பழைய நம்பிக்கை புதிய நாட்களிலே குடிபுகுந்தது. நம் நாட்டுக் கத்தோலிக்க மக்கள் சேமக்காலைகளுக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும் நவம்பர் 2ஆம் நாளும் இதுவேயாம்.

மேசையின்மேல் ஒரு நிழற்படம்

இவ்விழாவின் இருதயம் வீட்டினுள்ளே இருக்கின்றது. மேசையொன்றில் துணி விரித்து, இறந்தவரின் நிழற்படத்தை அதன்மேல் வைப்பர். இதனை ‘ஒஃப்ரெண்டா’ என்பர். படையல் என்பதே அதன் பொருள். நெடுவழி வந்தவரின் தாகந் தீர ஒரு குவளை நீர், தூய்மைக்கு உப்பு, வழிகாட்ட மெழுகுதிரி ஆகியவற்றோடு, ‘கொப்பால்’ என்னும் மரப்பிசினை எரித்து நறும்புகையும் இடுவர். ‘செம்பசூச்சில்’ என்னும் பொன்னிறச் செவ்வந்தி வகையின் இதழ்களை வாயிலிலிருந்து படையல்வரை தூவிப் பாதை அமைப்பர். மெக்சிக்கோவின் பழைய நாவாத்தல் மொழியில் அப்பெயர் ‘இருபது மலர்’ எனப் பொருள்படும்.

இவ்விழாவுக்கென எலும்பு வடிவங்கள் பொருத்திய இனிப்பு ரொட்டி ஒன்றும் சுடுவர். ஸ்பானிய மொழியில் ரொட்டிக்குப் ‘பான்’ என்று பெயர். போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்ற ‘பாண்’ என்னும் சொல் இதற்கு உறவுச் சொல்லாகும்.

இவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. இறந்தவர் உயிரோடிருந்தபோது எதனை விரும்பினாரோ, அதுவே அவர்க்குப் படைக்கப்படும். கோப்பி விரும்பிய பாட்டனார்க்குக் கோப்பி. குழந்தைக்கு அதன் விளையாட்டுப் பொம்மை. ஆகவே, இப்படையல் பெயரும் முகமும் விருப்பும் உடைய ஒரு தனி மனிதருக்கு இடுவதாகும்.

வீட்டில் தொடங்கும் விழா கல்லறைக்கும் செல்லும். மிச்சோவக்கான் மாநிலத்துப் பாத்சுக்குவாரோ ஏரியிலுள்ள ஹனிட்சியோ தீவில், பூரேப்பெச்சா மக்கள் கல்லறைகளருகே தீபமேற்றி இராமுழுவதும் விழித்திருப்பர்.

சிரிக்கும் எலும்புக்கூடு

பிற நாட்டார் நன்கறிந்தது, பூத்தொப்பி அணிந்து சிரிக்கும் எலும்புப் பெண்ணின் உருவமேயாம். ஐரோப்பியரைப் பாவனைசெய்து தம் குலத்தை மறைத்தோரை எள்ளுவதற்காக, ஹொசே குவாதலூப்பே போசாதா (1852–1913) என்னும் ஓவியர் அதனைச் செதுக்கினார். தியேகோ ரிவேரா 1947இல் தீட்டிய சுவரோவியமொன்றில் அதற்கு உடையும் முழுவுருவமும் தந்தார்.

2008இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. 2015இல் வெளியான ஜேம்ஸ் பொண்ட் திரைப்படமொன்று, மெக்சிக்கோ நகரிலே இவ்விழாவுக்குப் பேரூர்வலம் நிகழ்வதாகக் கற்பனையாகக் காட்டியது. அதனைப் பின்பற்றி 2016இல் அந்நகரில் உண்மையாகவே ஊர்வலம் தொடங்கிற்று. கூட்டம் திரண்டது, வாணிகமும் பெருகிற்று. எனினும், ஊர்வலத்தை மட்டும் கண்டவர் இவ்விழாவின் வெளித்தோற்றத்தையே கண்டவராவர்.

வைக்கப்படாத படம்

இவ்விழாவின் ஆழம் யாதென அறிய விரும்புவோர், நிழற்படம் வைக்கப்படாத மேசைகளையும் நோக்குதல் வேண்டும். மெக்சிக்கோவிலே காணாமற் போனோராகப் பதிவு செய்யப்பட்டவரின் தொகை 2022ஆம் ஆண்டில் ஓர் இலட்சத்தைத் தாண்டிற்று. அவர்களுடைய தாய்மாருட் சிலர் பொது இடங்களிலே படையல் அமைத்து நீதி கேட்கின்றனர். வேறு சிலரோ தம் பிள்ளையின் படத்தைப் படையலில் வைக்க மறுக்கின்றனர். வைத்தால், அவன் இறந்துவிட்டான் எனத் தாமே ஒப்புக்கொண்டதாகும் அன்றோ? நம் நாட்டு வாசகர்க்கு அத்தாய்மாரின் துயரை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரு படத்தை மேசைமேல் வைப்பது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயின், “இவர் இறந்துவிட்டார், எனினும் எம்மவரே” என்னும் இரண்டு உண்மைகளையும் மனம் ஒருங்கே ஏற்றாலன்றி அது கைகூடாது.

மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றே. உங்கள் வீட்டுச் சுவரிலே தொங்கும் பழைய படங்களில் உள்ளோர் யாவர், அவர்கள் எதனை விரும்பி உண்டனர், எதற்குச் சிரித்தனர் என்று பாட்டனார் பாட்டியாரிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். சொல்ல வல்லோர் இருக்கும்போதே கேட்டல் நன்று.