முதலில் நாமே கதவைத் தட்டுவோம்

பெரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும் நாலு பேரோடு பழகியவர்களுக்கு, ஓய்வு பெற்ற பின் காம்பரா வெறிச்சோடிப் போகிறது. பிள்ளைகள் கொழும்பில். கூட வளர்ந்த சிநேகிதர்கள் பலர் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறி, கோத்தகிரி, கூடலூர் என்று போய்விட்டார்கள். பதுளைத் தோட்டங்களில் நாம் தினமும் காணும் நிலை இது.

"நம்மைத் தேடி யாரும் வரவில்லையே" என்று மனம் குமைகிறது. பக்கத்து காம்பராக்காரரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறார். யாராவது ஒருவர் முதலில் கதவைத் தட்ட வேண்டாமா? ராத்திரியில் நெஞ்சு வலித்தால் முதலில் ஓடி வரப்போவது அவர்தானே!

பழைய சிநேகிதரையும் விட்டுவிடாதீர்கள். அன்று கடிதம் வரக் காத்திருந்தோம். இன்று உறவுக்காரரிடம் நம்பர் கேட்டு வாங்கினால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்தே பேசலாம்.

இன்று சாயங்காலம் தேத்தண்ணி ஊற்றும்போது ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றுங்கள்.