முழங்காலுக்கு எத்தனை அங்குலம்?

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. இனிப் பெரிய விமானங்களும் இறங்கலாம். உள்ளே நம் முழங்காலுக்கு இடம் உண்டா?

ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரமே இருக்கை இடைவெளி. சாதாரண வகுப்பில் முன்பு 34 அங்குலம் வரை இருந்தது. இன்று பல விமானங்களில் 28 முதல் 31 தான். ஏர்பஸ் ஏ-320 விமானத்தில் 30 வரிசைகள் என்று கொள்வோம். வரிசைக்கு ஓர் அங்குலம் குறைத்தால் 30 அங்குலம் மிச்சம். இன்னும் ஆறு இருக்கைகள் போடலாம்! தீப்பெட்டியில் கூடுதலாகக் குச்சி அடைப்பது போலத்தான்.

இந்த இடைவெளியில் சாய்மானத்தின் கனமும் அடக்கம். 30 அங்குலத்தில் சாய்மானம் 4 என்றால் மீதி 26. 28 அங்குலத்தில் சாய்மானம் 2 என்றாலும் அதே 26! ஆகவேதான் மெல்லிய இருக்கைகள் பெருகி வருகின்றன. மெத்தையும் மெலிகிறதே, இது நல்ல பேரமா என்பது எனக்குச் சந்தேகமே.

நெருக்குவதற்கும் எல்லை உண்டு. பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, எல்லோரும் 90 விநாடிகளில் வெளியேற முடியும் என்று தயாரிப்பாளர் நிரூபித்தாக வேண்டும்.

சுவரில் முதுகு ஒட்ட நாற்காலியில் அமருங்கள். சுவரிலிருந்து முழங்கால் முனை வரை அளந்து, 26-லிருந்து கழியுங்கள். வீட்டில் உயரமானவரையும் அளந்து பாருங்கள்.