சீனர் நாவில் ஆங்கில மெய்யொலிகள்

ஆங்கிலம் பயிலும் சீன மாணவர் பலர், 'நினை' எனப் பொருள்படும் 'திங்க்' என்னும் சொல்லை 'ஸிங்க்' என்று ஒலிப்பர். 'ஸிங்க்' என்பதற்கோ அம்மொழியில் 'மூழ்கு' என்று பொருள். இதனைக் கேட்டு நகைப்பார் உளர். நாப்பழக்கம் போதாது என்பாரும் உளர். இது நாவின் குறையன்று. தாய்மொழியின் ஒலியமைப்பு பிறமொழிச் சொல்லின்மேல் செலுத்தும் ஆட்சியே ஆகும்.

நுனிநா மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே சிறிது நீள, மூச்சு உரசி வெளிப்படுவதால் பிறப்பது இவ்வாங்கில ஒலி. மதரஸாவில் மக்ரஜ் பயின்றோர்க்கு இது புதிதன்று. அரபு நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகிய 'ஸா' பிறக்கும் இடமும் இதுவே. சீனத்தின் பொதுமொழியாகிய மாண்டரினில் இவ்வொலி இல்லை. ஆகவே அம்மொழியினர் அதற்கு அண்மையிலுள்ள 'ஸ'வைக் கொள்கின்றனர். காண்டனீஸ் பேசும் ஹாங்காங் மாணவரோ பெரும்பாலும் 'ஃப' என்பர். தமிழர் அதனைத் 'த' என வல்லொலியாக்குவர். ஆயினும் அரபுச் சொல்லின் ஈற்றில் வரும் அதே ஒலியை நாமும் சீனரைப் போன்றே மாற்றி, 'ஹதீஸ்' என்று எழுதியும் பேசியும் வருகிறோம். நகைப்போர் இதனையும் நினைவிற்கொள்ளல் தகும்.

'ர', 'ல' வேறுபாடு சீனர்க்கு வாராது என்பது பரவலான கருத்து. அது ஜப்பானியர்க்கே பெரிதும் பொருந்துவது. மாண்டரினில் அவ்விரண்டும் தனித்தனி ஒலிகளாகவே உள்ளன. சிச்சுவான், ஹூனான் முதலிய மாநிலங்களின் பல பகுதிகளில் மயங்குவன 'ல'வும் 'ந'வுமே.

பேரிடர் நேர்வது சொல்லீற்றில்தான். மாண்டரின் அசை உயிரில் முடியும்; மெய்யில் முடியின் பெரும்பாலும் 'ன்', 'ங்' என்னும் மூக்கொலிகளே ஈறாகும். தமிழிலும் வல்லின மெய் மொழிக்கு ஈறாகாமையால் 'புக்' என்பதைப் 'புக்கு' என உகரம் சேர்த்து ஒலிக்கிறோம் அன்றோ? சீனரும் அவ்வாறே ஓர் உயிரைச் சேர்ப்பர். அல்லது ஈற்றை விழுங்கிவிடுவர். முஹம்மத் என்னும் திருப்பெயர் சீனத்தில் 'மு-ஹன்-மோ-த' என நான்கு அசைகளாய், நான்கு எழுத்துகளால் எழுதப்படுகிறது. ஈற்று மெய் உயிர் பெற்று நிற்றல் காண்க.

ஈற்றை விழுங்குவதால் விளையும் தீங்கு பெரிது. ஆங்கிலத்தில் இறந்தகாலமும் பன்மையும் சொல்லின் கடைசி மெய்யிலேயே தங்கியுள்ளன. 'வாக்ட்' என்பது 'வாக்' என நின்றால் 'நேற்று நடந்தேன்' என்பது 'நேற்று நடக்கிறேன்' எனக் கேட்கும். ஆசிரியர் அதனை இலக்கணப் பிழையெனக் கொண்டு மதிப்பெண்ணைக் குறைப்பார்; மாணவரோ இலக்கணத்தை மீண்டும் மீண்டும் மனப்பாடம் செய்து சோர்வார். சீனத்தில் வினைச்சொல் காலத்திற்கேற்பத் திரிவதில்லையாதலின், சிலபோது அது இலக்கணப் பிழையாகவே இருத்தலும் கூடும். இரண்டில் எது என்றறிய, அதே தொடரை எழுதச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். எழுத்தில் பிழையின்றேல் திருத்தப்பட வேண்டியது ஒலிப்பே.

அதற்கு எளிய பயிற்சி ஒன்றுண்டு. ஈற்று மெய்யை அடுத்து வரும் சொல்லின் உயிரோடு புணர்த்திச் சொல்ல வைப்பது. 'பிக் இட் அப்' என்பதைப் 'பி-கி-டப்' என்று பழக்கினால், விழுங்கப்பட்ட 'க்', 'ட்' இரண்டும் அடுத்த அசையின் முதலொலியாகி வெளிப்படுகின்றன. அசைக்கு முதலாகும் மெய்யை ஒலிப்பதில் சீனர்க்குத் தடையில்லை. எஞ்சி நிற்கும் 'ப்' ஒன்றையே பின்னர்த் தனியே பழக்கவேண்டியிருக்கும்.