பிறர் கைக்கு ஒரு பை

மாணவர்களே, மாலை நேரத்தில் காய்கறிச் சந்தைக்குச் சென்றிருப்பீர்கள். வேலை முடிந்து வீடு திரும்புவோர் வழியில் நின்று காய் வாங்குவர். அவர்களுள் பலர் வெறுங்கையுடன் வருவர். பை இல்லை என்று சொன்னால் அவர்கள் அடுத்த வண்டிக்குச் சென்றுவிடுவார்கள் என்று கடைக்காரர் அஞ்சுவார். ஆகவே தம் கைப்பணத்தில் நெகிழிப் பைகளை வாங்கி வைப்பார். 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள நெகிழித் தூக்குப் பைகள் 2022 டிசம்பர் 31 முதல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. எனவே பை கொடுத்தால் அபராதம், கொடுக்காவிட்டால் வணிகம் போய்விடும் என்னும் இக்கட்டில் அச்சிறு வணிகர் நிற்கிறார். அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி எளியது. துணிப்பைகள் தைத்து அவருடைய கடையருகே ஒரு பெட்டியில் வைக்கலாம். பை கொண்டுவர மறந்தவர் ஒன்றை எடுத்துச் சென்று, மறுமுறை வரும்போது திருப்பி வைப்பார்.

துணிப்பை நமக்குப் புதியதன்று. இந்தியில் ‘தைலா’ என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் அதற்கு ‘மஞ்சப்பை’ என்று பெயர். திருமண வீடுகளில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டுத் தருவது இந்தப் பையில்தான். மங்கலம் கருதியே அதற்கு மஞ்சள் நிறம். இடைக்காலத்தில் மஞ்சப்பையுடன் நகரத்திற்கு வந்தவரைப் பட்டிக்காட்டார் என்று திரைப்படங்கள் கேலி செய்தன. மக்களும் அதைக் கையில் எடுக்க நாணினர். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தையும் தொடங்கியது. கேலிக்கு உள்ளான பெயரையே இயக்கத்தின் பெயராக வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது.

பை தைப்பதற்குப் புதுத்துணி வாங்க வேண்டா. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் சாயமேற்றவும் மிகுந்த நீர் செலவாகிறது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வு, எல்லாவகைப் பாதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதன்படி ஒரு புதிய பருத்திப் பையை 7,100 முறையாவது பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பையைவிட நல்லதாகும். நாள்தோறும் எடுத்துச் சென்றாலும் அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும்! ஆனால் வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பழைய படுக்கை விரிப்பு, திரைச்சீலை, ஜீன்ஸ் ஆகியவற்றுக்குப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை. பழந்துணியின் அருமையை உணர்ந்து அன்ஷு குப்தா என்பவர் 1999-இல் தில்லியில் ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது.

இனி, தைக்கும் முறையைக் காண்போம். 90 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள துணியைத் துவைத்து உலர்த்தி எடுத்துக்கொள்க. அகலமான இரண்டு விளிம்புகளையும் 3 செ.மீ. மடித்துத் தைக்க வேண்டும். அவையே பையின் வாய். பிறகு துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் இரண்டு வரிசையாகத் தைக்க வேண்டும். அடிமூலைகள் இரண்டையும் முக்கோணமாக மடித்து, நுனியிலிருந்து 4 செ.மீ. தள்ளிக் குறுக்கே தைத்தால் பைக்கு 8 செ.மீ. அகலமுள்ள அடிப்பகுதி கிடைக்கும். தக்காளி நசுங்காமல் அமர்வது இதனால்தான். பின்பு பையின் உட்புறத்தை வெளியே திருப்ப வேண்டும்.

அடுத்தது கைப்பிடி. அதைப் பையின் காது என்றும் சொல்வர். எங்கள் மாணவர்கள் முதன்முறை தைத்த பைகளில் காதுகளை ஒரே வரிசைத் தையலில் பொருத்தியிருந்தனர். நானும் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அப்பைகளுள் ஒன்றை எடுத்துச் சென்ற மூதாட்டி ஒருவர் நடுத்தெருவில் நிற்க நேர்ந்தது. காது பிய்ந்து உருளைக்கிழங்குகள் சாலையெங்கும் உருண்டன. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அதன்பின் அந்தப் பெட்டியின் பக்கம் அவர் வரவேயில்லை. இலவசமாகக் கொடுத்தது என்பதற்காக உருண்டோடிய கிழங்குகள் திரும்பி வந்துவிடுமா?

ஆகையால் காதில் கவனம் வையுங்கள். 60 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு பட்டைகளை நான்காக மடித்துத் தைத்தால் உறுதியான கைப்பிடிகள் கிடைக்கும். ஒவ்வொரு முனையையும் பையின் உட்புறத்தில் 5 செ.மீ. ஆழத்திற்கு வைத்து, சுற்றிலும் கட்டமாகத் தைத்து, அக்கட்டத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காகவும் தைக்க வேண்டும். அப்போது பாரம் ஒரே கோட்டில் விழாமல் பரவுகிறது. தையல் இயந்திரம் இல்லாவிட்டால் ஊசியாலேயே தைக்கலாம். நூல் மட்டும் இரட்டையாக இருக்கட்டும்.

தைத்து முடித்ததும் 5 கிலோ எடையுள்ள புத்தகங்களை இட்டு ஓர் இரவு முழுதும் ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் தையல் பிரிந்திருந்தால் அந்தப் பை பெட்டிக்குப் போகக்கூடாது.

பெட்டியில் வைத்த எல்லாப் பைகளும் திரும்பி வரமாட்டா. சில வீடுகளில் தங்கிவிடும். அவை அங்கே பயன்படுமாயின் நமக்கு இழப்பில்லை. கிழிந்து வருவனவற்றை மாதத்திற்கு ஒருமுறை எடுத்துத் துவைத்துத் தையுங்கள். தைக்க இயலாத அளவுக்கு நைந்தவற்றின் காதுகளை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பைக்கு அவை உதவும்.