ஷிப்ட் முடிவதற்குள் மூடிவிடும் ஓ.பி.

பிரசவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை தாராளமாக மார்தட்டிக்கொள்ளலாம். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2018–20இல் லட்சம் குழந்தைகள் பிறந்தால் நாட்டில் சராசரியாக 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். அதே குடும்பநலக் கணக்கெடுப்பின் மற்ற பக்கங்களைப் புரட்டினால் பெருமை இறங்கிவிடுகிறது. 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 55. ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் இவ்வளவுதான் அசைந்திருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 30–49 வயதில் பத்துக்கு ஒருவர். பிரசவம் பார்க்கும் அதே ஆரம்ப சுகாதார நிலையம், அதே செவிலியர், அதே ஊர்ப் பெண்கள். ஒன்றில் வெற்றி, மற்றதில் தேக்கம் என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தைப் பார்த்தால் அந்தக் காரணம் பிடிபடும். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் தொழில் வளாகங்கள் இருக்கின்றன. கொல்கத்தா நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டியை ஒட்டிப் போகிறது. சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயில் இருக்கிறது. ஏறினால் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சுக்கோ போய்விடலாம். பொன்னேரியில் அரசு மருத்துவமனை உண்டு. திருவள்ளூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆகவே தூரத்தையும் பஸ் கட்டணத்தையும் குறைசொல்ல இங்கே பெரிதாக இடமில்லை. தடை கடிகாரத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. காலையில் தொடங்கிப் பிற்பகலோடு முடிந்துவிடும். ஜெனரல் ஷிப்ட் பெண் அந்த நேரம் முழுக்க ஆலைக்குள் இருக்கிறாள். காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவள் சீட்டு வாங்கும் ஜன்னலுக்குப் போய்ச் சேரும்போது லேப் மூடியிருக்கும். லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் பிடிப்பார்கள், பல இடங்களில் அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போகும். இலவச மருத்துவம் அவளுக்கு இலவசமாக முடிவதில்லை.

ரத்தசோகை ஒரே நாளில் தீர்கிற நோய் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். மாத்திரை தொடங்கினால் சிலருக்கு வயிற்றைப் புரட்டும், மலம் கறுத்துப் போகும். இது வழக்கம்தான், டீயோடு சேர்த்துப் போடாதே, தொடர்ந்து சாப்பிடு என்று எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். சொல்ல ஆளில்லாவிட்டால் ஒரே வாரத்தில் அட்டை பரணுக்குப் போய்விடும். அளவு மிகவும் குறைந்திருக்கும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். அதுவும் பலருக்கு ஒரு தடவையோடு தீராது, சில நாள் இடைவெளி விட்டுப் பல முறை வந்து உட்கார வேண்டும். பிறகு மறுபடியும் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு வருகைக்கும் அரைநாள் சம்பளம் என்று கணக்குப் போட்டால், அவள் இரண்டாம் முறை வராததை அலட்சியம் என்று எழுதிவைப்பது அநியாயம்.

‘வெட்கப்பட்டு வருவதில்லை, விழிப்புணர்வு போதவில்லை’ என்ற பதில் உடனே வரும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும் இதையேதான் சொன்னார்கள். அந்த நிலைமையை மாற்றியதில் சுவரொட்டியின் பங்கு சொற்பம். தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்து நியமித்து, இருபத்துநாலு மணி நேரமும் கதவைத் திறந்துவைத்தார்கள். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2006இல் 6,000 ரூபாயாக இருந்த உதவி 2018இல் 18,000 ஆனது. இழந்த கூலிக்கு ஓரளவு ஈடாகவும் அது அமைந்தது. இடுப்புவலி ஆபீஸ் நேரம் பார்த்து வராது என்று அரசுக்குப் புரிந்த இடத்தில் திட்டம் ஜெயித்தது. மற்ற நோய்களுக்கு மட்டும் அந்தப் புத்தி இன்னும் வரவில்லை.

புற்றுநோய்ப் பரிசோதனையும் எட்டாத வித்தை அல்ல. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கும் சோதனை அது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. நம் கிராமத்துப் பெண்களை வைத்து உலகத்துக்குச் சொன்ன பாடம் இது. செய்வதற்கு ஒரு செவிலியர், திரை போட்ட ஒரு தனி அறை, அவசரப்படுத்தாத இருபது நிமிடம் போதும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்தான் இருக்கிறதே’ என்பது அடுத்த கேள்வி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது, நல்ல வேலை. ஆனால் பெண் தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது மாமியார் இருப்பார், மருமகள் கம்பெனியில் இருப்பாள். 2024இல் பணியிடங்களுக்கும் பரிசோதனை போனது. அங்கேயும் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கலாம். உள்பரிசோதனையைக் கேன்டீன் பக்கத்தில் மேசை போட்டுச் செய்ய முடியுமா?

‘அது முதலாளியின் பொறுப்பு, இ.எஸ்.ஐ. எதற்கு?’ என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, பாதி அளவுக்கு. மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, பேறுகால விடுப்பு 26 வாரம். ஆனால் நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா சேர வேண்டும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் நாள் கணக்கு அறுபடுகிற பெண்ணுக்கு, ரத்தம் பார்க்கப் போகும் அரைநாளுக்கு, இதில் ஒன்றும் கிடைக்காது. 500 பேருக்கு மேல் வேலைபார்க்கும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் பேசிய சுமார் 100 பெண்களும் மாதவிடாய் வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரை தரப்பட்டதாகச் சொன்னதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. வேலை நேரம் கெடாமல் வலியை அடக்குவது ஆலைக்குப் போதும். வலி ஏன் வருகிறது என்று கேட்க வேறொருவர் வேண்டும்.

விடுதியில் தங்கியிருப்பவர்கள் கதை இன்னும் மோசம். 2021 டிசம்பரில் இதே மாவட்டத்துப் பூச்சி அத்திப்பேட்டில், செல்போன் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சாலை மறியல் நடந்த பிறகுதான் அவர்கள் அங்கே இருப்பதே பலருக்குத் தெரிந்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதிமுறை. தலை எண்ணியதோ கடைசியாக 2011இல். அதற்குப் பிறகு வந்த விடுதிப் பெண்களும், சில மாதங்களுக்கு மட்டும் ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்து திரும்பும் பெண்களும் அந்த எண்ணிக்கையில் எப்படி இருப்பார்கள்?

டாக்டர் இல்லை, இருப்பவர்களையே கசக்கிப் பிழிவதா என்பதுதான் கனமான ஆட்சேபம். செவிலியர்களும் வீடு திரும்ப வேண்டிய பெண்கள்தானே. ஆனால் கேட்பது கூடுதல் நேரம் அல்ல, நேர மாற்றம். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கும்படிதான் அமைக்கப்பட்டன. சென்னைக்காரர்களுக்குச் சாத்தியமான அட்டவணை கும்மிடிப்பூண்டிக்கு ஆகாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. பிரசவத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் செவிலியர் இருக்கிறார். மாலையில் இல்லாதவர்கள் லேப் டெக்னீஷியனும் மருந்தாளுநரும்தான்.

மாவட்ட நிர்வாகம் முதலில் இதைச் செய்யட்டும். இரண்டு சிப்காட்டையும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு மாலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் லேப், மருந்தகத்தோடு பெண்களுக்கென ஓ.பி. திறக்கட்டும். பரிசோதனைச் சீட்டைக் காட்டினால் அரைநாள் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று தொழிலாளர் துறை ஆலைகளிடம் எழுதி வாங்கட்டும். ஒரு வருஷம் நடத்தி, இரண்டாம் முறை ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை பெண்கள் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கை வெளியிடட்டும்.